சக்கரத்தை விட்டு எழுந்திருக்கும் உரிமை

(சென்னை மயிலாப்பூரில் தோழர்கள் நடத்திய மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாரம்பரியக் கைவினை முகாம்கள்: யாருடைய பாரம்பரியம், யாருடைய கை?" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். தலைப்பு வைத்த தோழர் பாதி உரையை அவரே முடித்துவிட்டார். மீதிப் பாதியை நான் பேசுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும், அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகைகளில் வண்ண வண்ணமாகத் துண்டறிக்கைகள் வந்துவிடும். மண்பானை செய்யலாம், கூடை முடையலாம், பனை ஓலையில் கிளி செய்யலாம், தறியில் உட்கார்ந்து பார்க்கலாம், நம் முன்னோர்கள் வாழ்ந்தபடி ஒரு நாள் வாழ்ந்து பார்க்கலாம். இதற்கு 'வாழும் வரலாறு' என்று பெயர். நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் 1891-லேயே ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கி, பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள். இங்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996-இல் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, குயவர் வீடு, கூடை முடைபவர் வீடு எல்லாம் அங்கே நிற்கின்றன. அவை நிற்பது நல்லது என்றே நினைக்கிறேன். காரைக்குடிப் பக்கம் எத்தனை வீடுகளின் தூணும் கதவும் தனித்தனியாக விலைபோயின என்பது தெரிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் இன்று பேச வந்தது அருங்காட்சியகத்தைப் பற்றியல்ல. மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, ஒரு வாரம், பத்து நாள் நடத்துகிற முகாம்களைப் பற்றி.

பிள்ளைகள் மண்ணைத் தொடக்கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். மண்ணைத் தொட்டே வளர்ந்தவள். என் அப்பா குயவர், அவருடைய அப்பாவும் குயவர். நான் பத்தாம் வகுப்பு முடித்து, தட்டச்சு படித்து, தேர்வு எழுதி, இன்று ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் பரம்பரையில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் இந்தத் துண்டறிக்கைகளை நான் படிக்கிற விதம் கொஞ்சம் வேறாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அடையாறு பக்கம் ஒரு முகாமுக்கு அப்பாவை அழைத்தார்கள். நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். அவர்கள் கெட்டவர்களும் அல்ல. காபி கொடுத்தார்கள், 'ஐயா' என்றுதான் கூப்பிட்டார்கள். மண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். அப்பா வெளுத்த சட்டை போட்டு, கடிகாரம் கட்டி, தலை வாரிக்கொண்டு வந்திருந்தார். பொறுப்பாளர் அம்மா தயங்கித் தயங்கி, "ஐயா, சட்டையும் வாட்சும் இல்லாம இருந்தா போட்டோவுல ஒரிஜினலா இருக்கும்" என்றார். அப்பா கழற்றினார். மடித்து என்னிடம் கொடுத்தார்.

ஒரு பிள்ளைக்குக் கட்டணம் 1,500 ரூபாய். முப்பது பிள்ளைகள். அப்பாவுக்கு 1,000 ரூபாயும் ஆட்டோ செலவும் கொடுத்தார்கள். அதே நாள் சாயங்காலம் மண்ணின் மகத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேச ஒருவர் வந்தார். அவருக்கு நாற்காலி, சால்வை, உறையில் பணம். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. அப்பாவுக்கு அதில் 'பாரம்பரியக் குயவர்' என்று இருந்தது. பெயர் இல்லை. பேச வந்தவரும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தார். அவருடைய பாட்டனார் போட்டிருப்பாரா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் கோட்டு சூட்டோடு ஊருக்கு ஊர் சிலையாக நிற்கிற நாடு இது. சட்டை போடுவதற்கே அடிபட்ட மக்கள் இருக்கிற நாடு. 'ஒரிஜினல்' என்ற சொல்லை நாம் அவ்வளவு லேசாக விட்டுவிட முடியாது.

சரி, அந்த முகாமில் பிள்ளைகள் என்ன கற்றார்கள்? மின்சாரச் சக்கரத்தில் உட்கார்ந்து, அப்பா கையைப் பிடித்துக்கொள்ள, ஆளுக்கு ஒரு அகல் விளக்கு செய்தார்கள். நல்ல மகிழ்ச்சி. ஆனால் பானை அப்படிப் பிறப்பதில்லை. ஏரி மண்ணைக் கொண்டுவர வேண்டும், காயவைத்துக் கல் பொறுக்க வேண்டும், ஊறவைக்க வேண்டும், மணல் கலந்து காலால் மிதிக்க வேண்டும். மிதித்து மிதித்துக் குதிகால் வெடித்துவிடும். சக்கரத்திலிருந்து அறுத்து இறக்குகிற பானைக்கு அடிப்பக்கம் இருக்காது, இது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பாதி ஈரம் காய்ந்த பிறகு, உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூட வேண்டும். பலமாகத் தட்டினால் விரிசல், மெதுவாகத் தட்டினால் கனம். அந்தச் சத்தத்தைக் கேட்டே பானை ஆகிவிட்டதா இல்லையா என்று சொல்வார்கள். அப்புறம் சூளை. சூளைப் புகையில் இரவெல்லாம் கண் எரியும். சூளை வேகும்போது மழை வந்தால் ஒரு மாத உழைப்பு போச்சு. ஐப்பசி, கார்த்திகை முழுக்க வேலை கிடையாது, வட்டிக்குக் கடன் வாங்குகிற மாதங்கள் அவை. இதில் எதுவும் 'வாழும் வரலாற்றில்' வராது. வாழ்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த வரலாறு அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்கள் பக்கத்துக் கணக்கு. எங்கள் வீட்டில் மண் மிதித்தது அம்மா. நாற்பது ஆண்டுகள் மிதித்தார். பானை தேய்த்தார், சுமந்தார், விற்றார். ஆனால் சக்கரத்தைத் தொட்டதில்லை. பெண் சக்கரத்தில் உட்காரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த முகாமில் முதலில் போய் உட்கார்ந்தது எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. பாரம்பரியத்தைப் போற்ற வந்த இடத்தில் பாரம்பரியத்தின் விதி ஒன்று சத்தமில்லாமல் உடைந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தபோது அம்மா மண் மிதித்துக்கொண்டுதான் இருந்தார். கட்டணம் கட்டினால் உடைகிற விதி கட்டாதவருக்கு உடைவதில்லை. சாதி எப்போதும் பெண்ணின் உழைப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பாரம்பரியத்தை மொத்தமாகக் கும்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் கும்பிட வேண்டியிருக்கும்.

இப்போது தொழிலுக்கும் சாதிக்கும் வருகிறேன். இந்த நகரத்திலேயே புரசைவாக்கம் பக்கம் கொசப்பேட்டை இருக்கிறது. குயவரைக் கொச்சையாகக் குசவர் என்பார்கள், அதிலிருந்து வந்த பெயர். அங்கே செய்கிற பிள்ளையாரும் கொலு பொம்மையும் ஊரெல்லாம் போகின்றன. நவராத்திரிக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் போய்ப் பாருங்கள், நடைபாதை முழுக்க மண்பொம்மைதான். பொம்மைக்குக் கொலுப்படியில் இடம் உண்டு. செய்தவருக்கு அந்த வீட்டு வாசற்படி வரைக்கும்தான் இடம். மண்ணுக்குத் தீட்டு இல்லை, மண் பிசைந்த கைக்குத்தான். இதைத் தான் அண்ணல் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்து விளக்கினார். பிறக்கும்போதே, பெற்றோரின் நிலையை வைத்து, ஒருவனுக்கு வேலையை ஒதுக்கிவிடுகிற ஏற்பாடு இது. அவனுடைய திறமைக்கும் விருப்பத்துக்கும் அதில் இடமே இல்லை.

இந்த ஏற்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவரப் பார்த்த கதையும் நம் நகரத்துக் கதைதான். தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி 1953-இல் முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். நாம் குலக்கல்வித் திட்டம் என்று சொல்வது. கிராமத்துப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, இரண்டு முறையாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். பெண்பிள்ளைகள் வீட்டு வேலை கற்பார்கள். ஆதரித்தவர்கள் என்ன சொன்னார்கள்? கைத்தொழில் உயர்ந்தது, உழைப்பின் மேன்மையைப் பிள்ளைகள் உணர வேண்டும், ஊரே பள்ளிக்கூடம் என்று சொன்னார்கள். இன்றைய துண்டறிக்கையில் இருக்கிற அதே சொற்கள்! ஒரே ஒரு வித்தியாசம் பாருங்கள். அந்தத் திட்டம் கிராமத்துப் பள்ளிகளுக்கு. மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்கும் தியாகராய நகர்ப் பிள்ளைகளுக்கும் அது இல்லை. உழைப்பின் மேன்மையை அவர்கள் அப்போது உணர வேண்டியிருக்கவில்லை.

தந்தை பெரியார் எதிர்த்தார், திராவிடர் கழகமும் தி.மு.க.வும் தெருவில் இறங்கின, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. அது ஓராண்டுதான் நடந்தது. பத்தாண்டு நடந்திருந்தால் என் அப்பாவின் தலைமுறையில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் இன்னும் எத்தனை பேர் குறைந்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். தியாகராய நகருக்குப் பெயர் கொடுத்த பிட்டி தியாகராயர் நெசவுச் சமூகத்தில் பிறந்தவர். அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கினார். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தறி சொல்லிக்கொடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சோறு போட்டு வகுப்பில் உட்கார வையுங்கள் என்றார். இரண்டு பேரும் ஒரே பேட்டையில் நினைவாக இருக்கிறார்கள். நாம் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் தோழர்களே, "குலத்தொழிலையெல்லாம் கொளுத்திவிடுவோம்" என்று மேடையில் சொல்வது எளிது. என் அப்பாவுக்கு அவர் தொழில் பிடிக்கும். எழுபது வயதுக்கு மேலும், வேண்டாம் என்று சொன்னாலும், மண்ணைக் கண்டால் கை போகும். அந்தக் கையில் இருக்கிற அறிவு அறிவுதான். அதைச் சாதியின் எச்சம் என்று ஒரே வரியில் தள்ள எனக்கு மனமில்லை. ஆகவே நான் ஒரு தொழிலைப் பார்க்கும்போது இரண்டே கேள்வி கேட்கிறேன். இதை யார் வேண்டுமானாலும் கற்கலாமா? இதில் பிறந்தவர் விரும்பினால் விட்டுவிட்டுப் போகலாமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது கலை, தொழில், அறிவு, என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அது சாதி.

இந்த இரண்டு கேள்வியை எடுத்துக்கொண்டு இதே மயிலாப்பூரில் நடந்து பார்ப்போம். கோயில் அர்ச்சகர் வேலையும் ஒரு குலத்தொழில்தானே? கைப்பழக்கம் உண்டு, வாய்ப்பாடம் உண்டு, அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. 1970 டிசம்பரில் கலைஞர் அரசு பரம்பரை அர்ச்சகர் நியமனத்தை ஒழித்துச் சட்டம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1972-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது, கூடவே ஆகமப்படிதான் நியமிக்க வேண்டும் என்று ஒரு பூட்டும் வந்தது. பெரியார் 1973-இல் மறையும்வரை அந்த முள் அவர் நெஞ்சிலேயே இருந்தது. 2006-இல் அரசு திரும்ப ஆணை போட்டது, பயிற்சிப் பள்ளிகள் திறந்தது, இருநூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஓராண்டு படித்துத் தேறினார்கள். மறுபடியும் வழக்கு. 2015 டிசம்பரில்தான் தீர்ப்பு, அதிலும் ஆகமம். கடைசியில் 2021 ஆகஸ்டு 14 அன்று, கபாலீசுவரர் கோயில் சார்பில் நடந்த விழாவில், பயிற்சி பெற்ற 24 பேருக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பணி ஆணை கொடுத்தார். அதற்கும் வழக்குகள் வந்தன.

குயவரின் அறிவை அரை மணி நேரத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். கைதட்டுவார்கள். அர்ச்சகரின் அறிவை ஓராண்டு முறையாகப் படித்தவர் பதினான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். எங்கள் பாரம்பரியம் பொதுச் சொத்து, அவர்கள் பாரம்பரியம் தனிச் சொத்து. 'வாழும் வரலாறு' முகாமில் ஒரு நாள் கருவறைப் பூசையும் சொல்லிக்கொடுங்களேன், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் மணியாட்டிப் பார்க்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். அறிவிப்புப் பலகையிலிருந்து துண்டறிக்கையே காணாமல் போய்விடும்.

முகாம்களில் எது இருக்கிறது என்பதைப் போலவே எது இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். நான் இதுவரை பார்த்த எந்தத் துண்டறிக்கையிலும் தோல் வேலை இல்லை, சவரம் இல்லை, வெளுப்பு இல்லை. அவையும் பழமையான தொழில்கள்தானே. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. உலகம் மதிக்கிற நிறுவனம், நாயுடம்மா போன்ற விஞ்ஞானி இயக்குநராக இருந்த இடம். அங்கே தோல் வேதியியல். பட்டம் வாங்கலாம், முனைவர் ஆகலாம், வெளிநாடு போகலாம். அதே தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சேர்த்துப் பதப்படுத்தத் தெரிந்தவர் ஊரில் தீண்டத்தகாதவர். சேரிக்குள் இருந்தால் தீட்டு, ஆய்வுக்கூடத்துக்குள் வந்தால் விஞ்ஞானம். தோல் என்னவோ ஒரே தோல்தான்.

பறையைப் பாருங்கள். சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டால் போயாக வேண்டும் என்றிருந்த ஊர்களில், அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் உதைபட்டார்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டார்கள். இன்று சென்னையில் கல்லூரிப் பெண்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பறை கற்கிறார்கள். 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மசிறீ விருது வந்தது. கீழே வைத்ததும் விடுதலை, எடுத்து அடிப்பதும் விடுதலை. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். கூப்பிட்டவனிடம் 'வர முடியாது' என்று சொல்ல முடிகிறதா, அதில்தான் இருக்கிறது பதில். முடியும் என்றால் அடி, நன்றாக அடி. ஆனால் பறை முகாம் நடத்துகிற நம் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடவு சொல்லிக்கொடுக்கிறீர்கள், சரி. கட்டையை வளைப்பதும், தோலை ஊறவைத்து இழுத்துப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டுவதும் யார் வேலையாக இருக்கிறது? அந்த நாற்றத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கை வைக்கட்டும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

கடைசியாக அரசுத் திட்டங்கள். ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று பி.எம். விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள். பட்டியலைப் படித்தால் தலை சுற்றும். தச்சர், கொல்லர், குயவர், செருப்பு தைப்பவர், முடி திருத்துபவர், சலவைத் தொழிலாளி, துடைப்பமும் பாயும் செய்பவர் என்று போகிறது. முகாமில் இல்லாத சவரமும் சலவையும் இங்கே இருக்கின்றன. விளையாட்டுக்கு ஒரு பட்டியல், பிழைப்புக்கு இன்னொரு பட்டியல். வயது 18 போதும். குடும்பத்தில் வழிவழியாக வரும் தொழில் என்பதே அடிப்படை. கருவி வாங்க 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நிற்கிற ஒரு சலவைத் தொழிலாளி வீட்டுப் பையனிடம், கல்லூரிக் கட்டணம் எங்கே என்று அவன் தேடுகிற அதே மாதத்தில், இந்தா இஸ்திரிப் பெட்டிக்குப் பணம் என்று நீட்டினால் அது உதவியா, தூண்டிலா?

தமிழ்நாடு அரசு இதே வடிவத்தில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் எழுதியது. பிறகு கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. குறைந்தபட்ச வயது 35. என்ன சாதி, அப்பன் என்ன தொழில் என்ற கேள்வி கிடையாது. எந்தக் குடும்பத்தவரும் விண்ணப்பிக்கலாம். 3 லட்சம் வரை கடன், அதில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய் வரை மானியம். அந்த 35 என்ற எண் எனக்குப் பிடித்திருக்கிறது. பதினெட்டில் படிப்பைக் கொடு, முப்பத்தைந்தில் தொழிலே வேண்டும் என்று அவர் சொன்னால் பணத்தைக் கொடு. ஆனால் விண்ணப்ப மேசையில் உட்கார்ந்திருக்கிறவர் குயவர் வீட்டுப் பெண்ணைப் பார்த்து "உனக்குத்தான் இது தெரியுமே" என்று மட்பாண்டத்தையே எழுதாமல், அவர் கேட்கிற தொழிலை எழுதுகிறாரா என்று நாம் போய்ப் பார்க்க வேண்டும். ஆணை சரியாக இருந்து மேசையில் தவறிய திட்டங்களை நான் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முகாம் நடத்துகிறவர்களோடு நான் சண்டை போட வரவில்லை. சொல்லிக்கொடுக்க வருகிறவரை ஆசிரியர் என்று எழுதுங்கள், பெயர் போடுங்கள், பேச்சாளருக்குக் கொடுக்கிற தொகையை அவருக்கும் கொடுங்கள். அவர் எந்த உடையில் வந்தாலும் அதுதான் இன்றைய குயவரின் உடை. சக்கரத்தோடு நிறுத்தாமல் பிள்ளைகளை மண் மிதிக்க விடுங்கள். இதைச் செய்ய மனமிருந்தால் நான் ஆளே அனுப்புகிறேன்.

நம் பகுதியில் தோழர்கள் சேர்ந்து, பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை, பக்கத்து மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வகுப்பு நடத்தலாம் என்று பேசியிருக்கிறோம். கட்டணம் கிடையாது. அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டார், 3,000 ரூபாய் கேட்டிருக்கிறார், அதைத் தோழர்கள் பிரித்துக்கொள்கிறோம். அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். மிதிக்க அல்ல, சக்கரத்தில் உட்கார. "பார்க்கலாம்" என்றார். மண் நான்கு மூட்டை வர வேண்டும், சின்ன யானை வண்டி வைத்திருக்கிற தோழர் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.